விலக்கிய அவைகளும் விரும்பிய மக்களும்: ஆர்மோனியக் கலைஞர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கர்நாடக இசைக் கச்சேரி செய்யும் பாடகர் ஒருவரிடம் அவரது சுருதி யாதென வினவினால், 'ஒரு கட்டை' என்றோ 'ஒன்றரைக் கட்டை' என்றோ விடை கிடைக்கும். பெண் பாடகராயின் பெரும்பாலும் 'ஐந்து கட்டை' என்பார். இவ்வழக்கு வீணையிலிருந்தோ வயலினிலிருந்தோ வந்ததன்று. ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தப்படும் துண்டுகளுக்கே தமிழில் கட்டை என்று பெயர். அதன் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணியும், இடையே அமைந்த கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை எனக் கூறியும் வந்த வழக்கமே இன்று எல்லாப் பாடகர் நாவிலும் நிலைத்துள்ளது. ஆயின் அதே கச்சேரி மேடையில் ஆர்மோனியத்துக்கு நிலையான ஓரிடம் எக்காலத்திலும் கிடைக்கவில்லை. தன் சுருதியை அளப்பதற்கு ஒரு வாத்தியத்தின் மொழியைக் கடன் பெற்றுக்கொண்ட இசையுலகம், அவ்வாத்தியத்தையும் அதை வாசித்தோரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது எவ்வாறு என்பது வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு இசையிலக்கணம் மாத்திரம் விடை தருவதில்லை. ஒரு கலைஞரை மக்கள் விரும்புவதும் கற்றோர் அவை புறக்கணிப்பதும் ஒரே காலத்தில் நிகழுமாயின், அங்கு ஒலியின் குணங்குறைகளோடு சமுதாயத்தின் மேல் கீழ் என்னும் பாகுபாடும் சேர்ந்தே தீர்ப்பு வழங்குகின்றது. ஆர்மோனியத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெட்டியின் வருகை

ஆர்மோனியம் என்னும் பெயரோடு இவ்வாத்தியத்துக்கு உரிமம் பெற்றவர் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் டெபான் என்பவர், ஆண்டு 1842. துருத்தியினால் எழும் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்ய ஒலி பிறப்பது இதன் அமைப்பு. பெரிய குழலிசைக் கருவிகளை வாங்க இயலாத சிறிய தேவாலயங்களுக்கும் இல்லங்களுக்கும் இது ஏற்றதாயிருந்தது. மிஷனரிமார் வாயிலாகவும் ஐரோப்பிய வணிகர் வாயிலாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது இந்தியாவை அடைந்தது. கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் 1874இலேயே ஆர்மோனியப் பயிற்சிக்கென நூலொன்றினை வெளியிட்டார். அதே நகரில் துவாரகநாத் கோஷ் நிறுவிய துவார்கின் நிறுவனம், நாற்காலியிலிருந்து காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ஐரோப்பிய வடிவத்தை மாற்றி, நிலத்தில் அமர்ந்து இடக்கையால் துருத்தியை அசைத்து வலக்கையால் வாசிக்கத்தக்க கைப்பெட்டியாக அமைத்தது. அன்றிலிருந்து ஆர்மோனியம் தன் பிறந்தகத்தை மறந்து இந்தியக் கருவியாகவே வளரலாயிற்று.

அது விரைந்து பரவியமைக்குக் காரணங்கள் தெளிவானவை. தந்தி வாத்தியங்களைப் போல் அடிக்கடி சுருதி கூட்ட வேண்டியதில்லை. வெயிலாலும் மழையாலும் எளிதிற் கெடுவதில்லை. ஊரூராகச் சுமந்து செல்லலாம். ஒலிபெருக்கியில்லாத காலத்தில் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் அதன் ஓசை கேட்கும். எல்லாவற்றிலும் மேலாக, குருகுலத்தில் பன்னிரண்டாண்டு கழிக்க வாய்ப்பற்ற ஒருவனும் தன் செவியின் துணைகொண்டே அதிற் பாட்டு வாசிக்கப் பழகலாம். இவ்விறுதிக் காரணமே பின்னர் அதன்மீது சுமத்தப்பட்ட முதற் குற்றமுமாயிற்று.

நாடகமே அதற்குத் தாயகமாக அமைந்தது. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்ஸி நாடகக் கம்பனிகள் திரைச்சீலை, பளபளப்பான உடை, இந்துஸ்தானி மெட்டு, ஆர்மோனியம் ஆகியவற்றோடு தென்னாசியாவெங்கும் சுற்றின. பாலிவாலாவின் கம்பனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கொழும்புக்கும் வந்தது. சிங்களத்தில் நூர்த்தி என்னும் நாடகவகை செழித்தமைக்கு இவ்வருகை பெருந்தூண்டுதலாகும். அவ்வகையின் தலைசிறந்த ஆசிரியரான ஜோன் டி சில்வா தம் நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விசுவநாத் லௌஜி என்பவரை வரவழைத்தார். 1911இல் திறக்கப்பட்ட கொழும்பு ரவர் மண்டபம் இந்நாடகங்களின் அரங்காயிற்று. மராத்தி மேடையில் கோவிந்தராவ் தெம்பே (1881–1955) ஆர்மோனியத்தைத் தனிவாசிப்புக்கும் உரியதாக உயர்த்தினார். தமிழ் மேடையிலும் இதேகாலத்தில் ஆர்மோனியம் வேரூன்றியது.

மேடையைத் தாங்கியவர்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த தமிழ் இசை நாடகங்களில் உரையாடலைக் காட்டிலும் பாட்டே பெரும்பங்கு கொண்டது. கம்பனி நாடகங்களோடு 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையும் வழக்கிலிருந்தது. அதன் அமைப்பை அறிந்தாலன்றி ஆர்மோனியக்காரரின் பணியை உணர முடியாது. ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழுவில்லை. வள்ளியாக நடிப்பவர் ஓரூரிலிருந்தும், முருகனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு வருவர். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையிலேதான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதுமுண்டு. ஒவ்வொருவரும் தத்தம் ஆசிரியரிடம் பாடம் கேட்டவாறு பாடுவர், சுருதியும் வேறுபடும், தருக்கம் எழும்போது எவர் எந்த மெட்டில் விடை தருவார் என்பதும் முன்னறியப்படாது.

இத்தகைய அரங்கைச் சிதறாமற் பிணைத்து வைத்தவர் ஆர்மோனியக்காரரே. மேடையின் ஓரத்தில் கால் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, நடிகர் வாய் திறக்குமுன் அவருக்குரிய சுருதியை எடுத்துக்கொடுப்பார். பாடல் மறந்த நடிகருக்கு அடியைப் பின்பாட்டாகப் பாடி நினைவூட்டுவார். குரல் தளர்ந்தவிடத்துப் பெட்டியின் ஒலியால் அதனை மூடிக் காப்பார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நிகழும் நாடகம் முழுவதிலும் அவருக்கு ஓய்வு இல்லை. நூற்றுக்கணக்கான பாடல்களும் அவற்றின் மெட்டுகளும் அவர் நினைவில் இருத்தல் வேண்டும். எழுதிவைத்த இசைக்குறிப்பு எதுவும் அவர் முன் இருப்பதில்லை.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) எட்டாத சுருதியை எட்டிப் பாடித் தென்னாட்டை ஆட்கொண்டபோது, அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர்தம் தமையனார் காசி ஐயர். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையிலேதான் இணைந்தனர் என்பது இலங்கைத் தமிழ் அரங்க வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி. அவ்விருவர் பாட்டையும் கேட்கக் கூடிய மக்கள், அவர்கள் பாடியது தூய இசையா, கலப்பிசையா என ஆராய்ந்தவரல்லர். பாட்டு அவர்களைத் தொட்டது, மறுநாளும் வந்தார்கள்.

கண்டனமும் தடையும்

மக்கள் இவ்வாறு விரும்பிய வேளையிலேயே அறிஞர் கண்டனமும் வளர்ந்து வந்தது. சுப்பிரமணிய பாரதியார் தம் இசை பற்றிய கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். இசையறிவில்லாதோர் கையிலும் எளிதிற் புகுந்து செவியைக் கெடுக்கும் கருவியாகவே அவர் அதனைக் கண்டார். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1909இல் கொழும்பில் வெளியான தம் தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரைத் தொகுதியில், கிராமபோனும் ஆர்மோனியமும் போன்ற இயந்திரக் கருவிகள் இந்திய இசையை அழிப்பன என்று எச்சரித்தார். 1914இல் இந்துஸ்தான இசை பற்றி நூலெழுதிய ஆங்கிலேயரான பொக்ஸ் ஸ்ராங்வேஸ் என்பாரும் இதே கருத்தினரே. அகில இந்திய வானொலியில் மேலைத்தேய இசைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் போல்ட்ஸ் 1938இல் அவ்வானொலியின் சஞ்சிகையில் ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதினார். 1940ஆம் ஆண்டு தை மாதத்தில் இரவீந்திரநாத தாகூர் கல்கத்தா நிலையத்துக்கு எழுதிய கடிதத்தில் ஆர்மோனியத்தை அங்கிருந்து அகற்றுமாறு கேட்டுக்கொண்டார். 1940 மார்ச் 1ஆம் திகதி முதல் அகில இந்திய வானொலியின் எந்நிலையத்திலும் ஆர்மோனியம் ஒலிக்கலாகாதெனத் தடை விதிக்கப்பட்டது.

இக்கண்டனக்காரர் வரிசையில் ஒரு விந்தையுண்டு. அந்நிய ஆட்சியின் அலுவலரும் அவ்வாட்சியை எதிர்த்த தேசியவாதியும் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசினர். இந்திய இசை என்பது மேலைத் தாக்கம் தீண்டாத பழமையாக நிலைத்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இருசாராருக்கும் பொதுவாயிருந்தது. அயல்நாட்டு அறிஞருக்கு அது தேடிவந்த அரும்பொருள். தேசியவாதிக்கு அது இழந்த பெருமை. இருவருக்குமே தெருவிலும் கொட்டகையிலும் ஒலித்த பெட்டி இடையூறாகத் தோன்றியது.

கண்டனத்திற் பொருளில்லை என்று கூறுதலும் உண்மைக்கு மாறானதே. ஆர்மோனியத்தில் ஒரு தாயியை சமமாகப் பகுத்த பன்னிரண்டு ஒலிகளே உண்டு. இந்திய இசையிலோ ஒரு சுரத்தின் நிலை இராகத்துக்கு இராகம் நுண்ணிதாக வேறுபடும். மேலும் சுரங்களை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகம் கர்நாடக இசைக்கு உயிர்நாடி. ஒரு கட்டையிலிருந்து மறுகட்டைக்குத் தாவ வல்லதேயன்றி இரண்டுக்கும் இடையே வழுக்கிச் செல்ல ஆர்மோனியத்தால் இயலாது. தோடியின் காந்தாரத்தை அதில் உள்ளவாறு எழுப்ப எவராலும் ஆகாது. விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் (1947) ஆராய்ந்த இருபத்திரண்டு சுருதிகளின் நுட்பத்தை அறிந்தவர்களுக்கு இக்குறை சிறிதன்று.

ஆயினும் இக்குறை மாத்திரமே தடைக்குக் காரணமாயின், அத்தடை கமகம் வேண்டும் இசைக்கு மட்டுமே உரியதாயிருந்திருக்கும். நாடகப் பாட்டு, பஜனைப் பாட்டு, கவ்வாலி முதலியவற்றுக்கும் அதே தடை விதித்தது எதனால்? அந்நியத் தன்மை காரணம் என்பாருளராயின், வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. அதனை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் கையேற்றனர். அரசவையைச் சார்ந்த பெருங்கலைஞர் கைப்பட்ட வயலின், கமகத்துக்கு வளைந்துகொடுக்கும் தன் இயல்பினாலும் அவர்தம் மதிப்பினாலும் ஒரு நூற்றாண்டுள் உள்நாட்டுக் கருவியாயிற்று. ஆர்மோனியத்தைக் கையேற்றோரோ கம்பனி நாடகக்காரர், தெருப்பாடகர், மில் தொழிலாளர் கூட்டங்களிற் பாடியோர், ஊர்தோறும் அலைந்தோர். கருவிக்கு வளையும் இயல்பு இல்லை. வாசித்தோருக்கு அவையிற் செல்வாக்கு இல்லை. இவ்விரண்டு குறைகளுள் முன்னையது மட்டுமே வெளிப்படையாகப் பேசப்பட்டது.

சுருதிப்பெட்டியின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். ஆர்மோனியத்தின் அதே துருத்தியும் அதே உலோக நாக்குகளும் கொண்டு, கட்டைகளை நீக்கி, ஆதார சுருதியை மட்டும் ஒலிக்கச் செய்த கருவியே சுருதிப்பெட்டி. தம்புராவைச் சுமந்து செல்ல இயலாத பாடகர் பலர் அதனைத் தயக்கமின்றிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுசென்றனர். ஆர்மோனியம் பேசாது துணை நின்றவரை அதற்கு அவையில் இடமிருந்தது. பாடத் தொடங்கியபோதே அது குற்றமாயிற்று.

தேசியமும் பெட்டியும்

தேசியத்தின் பெயரால் ஆர்மோனியம் பழிக்கப்பட்டதெனினும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குத் தேசியத்தைக் கொண்டுசென்ற வழிகளுள் ஆர்மோனியம் ஒலித்த நாடகமேடை முதன்மையானதொன்று. செய்தித்தாள் படிக்க இயலாத மக்களுக்கு விடுதலைப் போராட்டச் செய்திகளை நாடக நடிகரே பாட்டாகக் கூறினர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களின் இடையே பாடப்பட்டன. எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886–1940) முருகன் வேடத்தில் நின்றே அரசாங்கத்தை எதிர்த்துப் பாடிப் பன்முறை சிறை சென்றார். பிற்படுத்தப்பட்ட குலத்திற் பிறந்தவரென்பதால் அவரோடு நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். பொலிசாரின் கண்காணிப்புக்கும் சாதியின் இகழ்ச்சிக்கும் இடையே பாடிய அவர், சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கையில் 1940 டிசம்பர் 31ஆம் திகதி மேடையிலேயே உயிர்நீத்தார். அதே ஆண்டிலேதான் வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. விசுவநாததாசின் பாட்டைத் தாங்கிய வாத்தியத்துக்குத் தேசத்தின் வானொலியில் இடமில்லாது போயிற்று.

தமிழிசை இயக்கத்தை நோக்கினும் இதே முரண்பாடு தோன்றும். 1940களில், கச்சேரிகளிற் பெரும்பான்மையும் தெலுங்குக் கீர்த்தனைகளே பாடப்படுவதைக் கண்டித்துத் தமிழ்ப்பாட்டு வேண்டுமெனப் போராட்டம் எழுந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அப்போராட்டம் நியாயமானதே. ஆயின் அதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே, இரவுதோறும், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பாடல்களைத் தமிழ் மக்கள் நடுவே பாடிவந்தோர் நாடகக்காரரும் அவர்தம் ஆர்மோனியக்காரருமாவர். தமிழிசைக்கு வரலாறு எழுதுவோர் இப்பெருந்தொகுதியை அரிதாகவே கணக்கிற் சேர்த்துக்கொள்கின்றனர்.

ஈழத்து இசை நாடகம்

இலங்கைக்குத் தென்னிந்திய நாடகக் குழுக்கள் வந்து சென்றதன் பயனாக யாழ்ப்பாணத்திலும் பிற தமிழ்ப் பிரதேசங்களிலும் இசை நாடகம் வேர்விட்டது. கொட்டகையில் நிகழ்ந்ததனால் அதனைக் கொட்டகைக் கூத்து என்றும், டிறாமா என்றும் மக்கள் வழங்கினர். அரிச்சந்திரா, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நந்தனார், ஞானசௌந்தரி முதலிய நாடகங்கள் கோயிற் பெருவிழாக்களை ஒட்டி விடியவிடிய நிகழ்ந்தன. பாயும் தலையணையுமாக வந்த குடும்பங்கள், சந்திரமதியின் புலம்பல் வரும் வேளையில் உறங்கும் பிள்ளைகளை எழுப்பிவிட்டுக் கேட்டன. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) மயான காண்டம் எத்தனை முறை மேடையேறினும் மக்கள் சலிப்படையவில்லை.

ஆனால் இவ்வரங்கைச் சார்ந்த கலைஞர் பெற்ற சமுதாய மதிப்பு மக்கள் அவர்பால் வைத்த விருப்பத்துக்கு ஈடானதாயிருக்கவில்லை. அவர்களுட் பலர் சாதியடுக்கின் கீழ்ப்படிகளைச் சேர்ந்தோர். பகலில் வேறு தொழில் செய்து இரவில் வேடம் புனைந்தோர். இரவு முழுவதும் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட குடும்பமே, தன் மகன் ஆர்மோனியம் பழகப்போகின்றான் என்றால் 'கூத்தாடியாகப் போகிறாயோ?' என்று தடுத்தது. இரசிகரின் அன்பு கலைஞரை மேடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பிவிடும் இயல்பினதாயிருந்தது. படித்த வகுப்பினரோ வேறு சபாக்களை அமைத்தனர். பம்மல் சம்பந்த முதலியாரின் வழியைப் பின்பற்றிக் கலையரசு க. சொர்ணலிங்கம் முதலியோர் வளர்த்த அரங்கு, தொழில்முறை நடிகரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டியே மதிப்புப் பெற்றது.

பல்கலைக்கழகத்தின் பங்கும் இவ்விடத்தே சிந்திக்கத்தக்கது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' அரங்கேறியது. கலப்பு வடிவமான நூர்த்தியை விடுத்து நாடகம என்னும் கிராமிய மரபினை அவர் தெரிந்தெடுத்தார். அதனையடுத்துப் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைச் செப்பமுறச் செய்து கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். கூத்தாடுதல் இழிவென்னும் எண்ணத்தைத் தகர்த்த இப்பணி ஈழத்துக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அண்ணாவிமார் பல்கலைக்கழக வாயிலினூடே மதிப்புடன் அழைத்துவரப்பட்டனர். ஆயினும் அவ்வாயில் முதலிற் கூத்துக்கே திறந்தது. கூத்தில் ஒலித்தவை மத்தளமும் தாளமும். அவை பழமையின் சான்றுகள். ஆர்மோனியமோ பார்ஸி மேடையையும் சினிமாவையும் நினைவூட்டியது. உயர்ந்தோர் இசையாகக் கர்நாடக இசையும் மண்ணின் கலையாகக் கூத்தும் ஏற்கப்பட்டபோது, இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற இசை நாடகம் நெடுநாள் கவனிப்பாரற்றிருந்தது. செந்நெறியும் அன்று, நாட்டார் மரபும் அன்று என்பதே அதன் குற்றம். காரை செ. சுந்தரம்பிள்ளையின் 'ஈழத்து இசை நாடக வரலாறு' போன்ற ஆய்வுகள் பின்னர் இக்குறையை ஓரளவு நிறைவு செய்தன.

தடைக்குப் பின்னர்

தமிழிற் பேசும் படம் 1931இல் தோன்றியபின் நாடக மேடையின் பாட்டும் பாடகரும் சினிமாவுக்குச் சென்றனர். ஆர்மோனியக் கலைஞரும் அங்கு சென்றனர். ஜி. இராமநாதன் நாடக ஆர்மோனியக் கலைஞராயிருந்து திரையிசை அமைப்பாளரானவர். எம். எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியத்தை வைத்தே மெட்டமைத்தார். இளையராஜாவும் தம் தமையனார் பாவலர் வரதராசனின் மேடைக் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்தே இசைத்துறைக்கு வந்தார். திரைப்பாட்டின் பின்னணியில் நூறு வாத்தியம் ஒலித்தபோதும், அப்பாட்டு முதலிற் பிறந்த இடம் பெரும்பாலும் ஒரு பெட்டியின் கட்டைகளே. கேட்போர் அதனை அறியாதிருந்தனர்.

வானொலித் தடை முப்பதாண்டுக்கு மேல் நீடித்தது. 1971இல் ஆர்மோனியம் பக்கவாத்தியமாக மட்டும், நிபந்தனைகளோடு, அகில இந்திய வானொலியில் அனுமதிக்கப்பட்டது. தனிவாசிப்புக்கு இருந்த தடை அதன் பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. வானொலியே கலைஞருக்கு வருவாயும் பெயரும் தந்த காலமது. அம்முப்பதாண்டில் வாழ்ந்து முதிர்ந்த ஆர்மோனியக் கலைஞர் தம் கலைக்கு வானொலியில் ஒரு பதிவும் இன்றி மறைந்தனர். ஒரு தடையின் விளைவு தடை நீங்கியவுடன் நீங்கிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. பிற்காலத்தோர் வானொலிப் பதிவுகளைக்கொண்டு இசை வரலாறு எழுதும்போது, இல்லாத பதிவை இல்லாத கலையாகவே கொள்வர்.

இவ்விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2022இல் சீக்கியரின் உயர் சமயபீடமான அகால் தக்த், அமிர்தசரஸ் பொற்கோயிலின் கீர்த்தனைகளிலிருந்து ஆர்மோனியத்தைப் படிப்படியாக நீக்கிப் பழைய தந்தி வாத்தியங்களை மீண்டும் கொணருமாறு பணித்தது. பழைய வாத்தியங்கள் மீண்டும் ஒலித்தல் விரும்பத்தக்கதே. எனினும் தலைமுறை தலைமுறையாக ஆர்மோனியத்தோடு இறைவனைப் பாடிய இராகிகளின் பக்தியும் அக்கோயிலின் வரலாற்றுள் அடங்கியதேயாகும்.

ஈழத்திலோ போர்க்காலம் இரவுக் கொட்டகைகளின் ஒளியை அவித்தது. விடியவிடிய நிகழ்ந்த நாடகங்கள் அருகின. கலைஞர் பலர் இடம்பெயர்ந்தனர். மின்னணுக் கருவிகள் பெட்டியின் இடத்தைப் பெற்றன. இன்று எஞ்சியுள்ள முதியோரின் நினைவிலேயே அக்காலத்துப் பாடல்களும் மெட்டுகளும் பெரும்பகுதி தங்கியுள்ளன.

முடிவாக, ஆர்மோனியம் கமகத்துக்கு ஏலாத கருவி என்பது இசையியல் உண்மை. அதனை வாசித்தோர் கலைஞரல்லர் என்பது அவ்வுண்மையிலிருந்து பெறப்படுவதன்று. அது சமுதாயம் தன் வசதிக்காக அதனோடு சேர்த்துக்கொண்டது. இவ்விரண்டையும் பிரித்தறிவது வரலாற்றாசிரியரின் கடமை. அதற்குரிய ஆதாரங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. பழைய நாடகத் துண்டுப்பிரசுரங்களில் இராசபாட் நடிகரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். அதன் கீழே ஸ்திரீபாட், பபூன். எல்லாவற்றுக்கும் அடியில், சிற்றெழுத்தில், 'ஆர்மோனியம்' என்று தொடங்கும் ஒரு வரி காணப்படும். அவ்வரியில் உள்ள பெயர்களைத் திரட்டி, அவர்தம் ஊரையும் ஆசிரியரையும் அவர் வாசித்த மேடைகளையும், இன்னும் அவற்றை நினைவு கூரக்கூடியோர் வாழும் காலத்திலேயே குறித்துவைத்தல், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மட்டக்களப்பிலும் கற்கும் மாணவர் கைக்கு எட்டிய பணியாகும். மக்கள் விரும்பிய அக்கலைஞர்க்கு அவைகள் மறுத்த இடத்தை ஏட்டிலேனும் அளிக்க அதனின் வேறு வழியில்லை.